ஒரு ஊதலுக்கு ஒரு ஞாயிறு

"மூச்சு சம்பந்தப்பட்ட நோய் ஏதாவது உண்டான்னு கேக்குது," என்றாள் அம்சவல்லி.

"இல்லைன்னு அமுத்து."

"அமுத்த மாட்டேன்."

"போனை இங்க குடு."

கொடுக்கவில்லை. கைப்பேசியை முந்தானையில் சுருட்டிக்கொண்டு கேஸ் அடுப்புப் பக்கம் போய் நின்றுகொண்டாள். எல்லப்பன் கட்டிலிலிருந்து எழுந்து அவள் பின்னால் வர ஆறு தப்படி. நாலாவது தப்படியில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின.

"இதுக்குப் பேருதான் நோய்," என்றாள் அவள். "அடுப்பாண்ட வர்றதுக்கே நடுவுல ஒரு ஸ்டாப்பிங் வேணும் உனக்கு. வானத்துல யாரு நிறுத்துவா?"

"வானத்துல நடக்கவா போறேன்? சீட்டுல குந்திக்கினு போறேன். ரெண்டரை மணி நேரம். இங்கருந்து கோயம்பேடு போறதுக்கே சில நாளு அவ்ளோ ஆவுது."

"ரயில்ல வர்றேன்னு கேளேன்."

"கேட்டேன். ஏன்னு கேட்டான் ஆபீஸ் ரகுபதி. பிளேன்னா பயமா கீதுன்னேன். 'முதல் தடவை எல்லாருக்கும் பயந்தாண்ணே, ஜன்னல் சீட்டு போடச் சொல்றேன்'னு சிரிச்சிட்டுப் போயிட்டான். இன்னா பண்ணச் சொல்ற?"

அவன் கையை நீட்டினான். இன்னொரு கை கதவு நிலையை விடவில்லை. அதைப் பார்க்க முடியாமல்தான் அவள் போனைக் கொடுத்தாள். அவன் 'இல்லை' என்பதை அமுக்கினான். பச்சையாக ஒரு டிக் விழுந்தது. வடக்குப்பட்டில் அந்த வீட்டுக்கு முதன்முதலாக ஒரு விமான டிக்கெட் வந்தது அப்படித்தான்.

எல்லப்பனுக்கு இருங்காட்டுக்கோட்டையில் இரும்பு வார்க்கும் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருட வேலை. வார்த்தெடுத்த இரும்பில் ஒட்டியிருக்கிற மணலையும் பிசிறையும் கிரைண்டரில் தேய்த்து எடுப்பார்கள். அதற்கு ஃபெட்லிங் என்று பெயர். அந்தப் பிரிவை அப்படியே குஜராத்துக்கு மாற்றப் போகிறார்கள். அனுபவஸ்தர்கள் ஐந்து பேர் மூன்று மாதம் அங்கே போய்ப் புது ஆட்களைப் பழக்கிவிட்டு வந்தால், அந்த ஐந்து பேருக்கு மட்டும் ஓய்வு பெறும்வரை இங்கே வேலை. மற்றவர்கள் மார்ச்சோடு வெளியே. பட்டியலில் எல்லப்பன் பெயர் இரண்டாவதாக இருந்தது. அவனுக்கு ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம். வேலை போனால் இந்த வயதில், இந்த மூச்சோடு, கேட்டில் நின்று சல்யூட் அடிக்கிற வேலைக்குக்கூட ஒருத்தன் சேர்க்க மாட்டான்.

அது அம்சவல்லிக்கும் தெரியும். அதனால்தான் போகாதே என்று அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் போ என்றுதான் சொன்னாள். அதுவும் அவளுடைய சொல் இல்லை. டாக்டர் ரஞ்சனி சொன்னது.

ஸ்ரீபெரும்புதூரில் மாலையில் மட்டும் உட்காருகிற நெஞ்சு டாக்டர் அவர். கம்பெனிக்குத் தெரியாமல் நான்கு வருடமாக எல்லப்பன் அவரிடம்தான் பார்த்துக்கொள்கிறான். பத்து நாளைக்கு முன்னால் விமானம் என்றதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"விமானத்துக்குள்ள இருக்கற காத்து நம்ம ஊர் காத்து மாதிரி இருக்காதுங்க. ஊட்டி மலையில நிக்கற மாதிரி மெலிசா இருக்கும். நல்லா இருக்கறவங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

"ஊட்டிக்கு நான் போயிருக்கேன் மேடம். கம்பெனி டூரு. டான்ஸே ஆடினேன்."

"எப்போ?"

"அது... எங்க சசிரேகா வயசுக்கு வந்த வருஷம்."

"அவளுக்கு இப்ப ரெண்டு புள்ளைங்க மேடம்," என்றாள் அம்சவல்லி.

டாக்டர் சிரிக்கவில்லை. அவன் விரலில் ஒரு கிளிப்பை மாட்டி, அறையைச் சுற்றி நாலு தரம் நடக்கவிட்டு, மறுபடி உட்காரவைத்துப் பார்த்தார். "சும்மா இருக்கறப்ப ரத்தத்துல ஆக்சிஜன் தொண்ணூத்திரெண்டு. நாலு சுத்து நடந்தா எண்பத்தேழு. மேல போனா இன்னும் இறங்கும். ஆக்சிஜன் இல்லாம ஏறக் கூடாது. போகவே கூடாதுன்னு நான் சொல்லலை. சொல்லிட்டுப் போங்கன்னு சொல்றேன்."

பிறகு வரிசையாகச் சொன்னார். அம்சவல்லி விரல் கணுவில் எண்ணிக்கொண்டே வந்தாள். மூச்சு மருந்து அடிக்கிற பஃப் சட்டைப் பையில் இருக்க வேண்டும், பெட்டியோடு போட்டு அனுப்பிவிடக் கூடாது. ஏர்போர்ட்டில் நடக்கிற தூரம் அதிகம். வெட்கப்படாமல் சக்கர நாற்காலி கேட்க வேண்டும். மாஸ்க் போட வேண்டும். தண்ணீர் குடிக்க வேண்டும், மூத்திரம் வருமென்று பயந்து குடிக்காமல் இருக்கக் கூடாது. காலை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கிளம்புகிற வாரம் சளி பச்சையாக மாறினால் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ஃபாரம்.

"நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். மூணு நாளைக்கு முன்னாடியே ஏர்லைன்ஸ் கையில இருக்கணும். அவங்களே ஆக்சிஜன் தருவாங்க, இல்ல பேட்டரியில ஓடற மெஷினை நீங்க எடுத்துட்டுப் போக அனுமதி தருவாங்க. ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு ரூல். வீட்டு சிலிண்டரைத் தூக்கிட்டுப் போய் நின்னா ஏத்த மாட்டாங்க."

ஃபாரத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் எல்லப்பன் கேட்டது ஒன்றுதான். "டிக்கெட் போடறது கம்பெனி. இந்தப் பேப்பர் கம்பெனிக்குப் போவுமா, போவாதா?"

"பிளேன்காரனுக்குத்தான போவுது?"

"அவனுக்கு யாரு பணம் கட்றா?"

வீட்டுக்கு வந்து ஃபாரத்தை மெத்தைக்கு அடியில் வைத்துவிட்டான். அம்சவல்லிக்கு அந்த மெத்தையில் தூக்கம் வரவில்லை. அவன் மூச்சு இழுக்கிற சத்தம் பக்கத்தில் கேட்டது. காகிதம் கீழே கிடந்தது. இரண்டையும் சேர்த்துவைக்க ஒரு போன் போதும் என்று அவளுக்குத் தோன்றியது. பஸ்ஸில் வயசானவரை ஏற்றிவிட்டு, 'கொஞ்சம் பார்த்துக்கோங்க' என்று கண்டக்டரிடம் சொல்வதில்லையா? அதைப்போல.

கிளம்ப ஆறு நாள் இருக்கும்போது, அவன் முதல் ஷிஃப்ட் போயிருந்த நேரத்தில், டிக்கெட்டில் இருந்த எண்ணுக்குப் போட்டாள். தமிழுக்கு ஒன்பதை அமுக்கச் சொன்னது. அமுக்கினாள்.

"சொல்லுங்கம்மா."

"தம்பி, எங்க வூட்டுக்காரரு இருபதாம் தேதி உங்க பிளேன்ல வர்றாரு. அவருக்கு மூச்சு பத்தாது. டாக்டரு ஃபாரம் குடுத்திருக்காங்க. அதை எங்க வந்து குடுக்கணும்?"

"நேர்ல வர வேண்டாம்மா. டிக்கெட் நம்பர் சொல்லுங்க... எல்லப்பன், இல்லையா? ஆக்சிஜன் தேவைன்னு குறிச்சுக்கறேன். ஃபாரம் அனுப்பறதுக்கு லிங்க் மெயில்ல வரும்."

"எனக்கு அதெல்லாம் பாக்கத் தெரியாதுப்பா."

"புக்கிங்ல ஒரு மெயில் ஐடி இருக்கும்மா. அதுக்கு அனுப்பிட்டேன். வேற ஏதாவது உதவி வேணுமா?"

"நீ நல்லா இருக்கணும் தம்பி," என்று வைத்துவிட்டு, மனசு லேசாகி, ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்கு வத்தக்குழம்பு வைத்தாள்.

அந்தக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் மனிதவளப் பிரிவிலிருந்து ரகுபதி கூப்பிட்டான். இளவயசு, எல்லோரையும் அண்ணே என்பான். எல்லப்பன் எச்சில் கையோடு ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணே, சாப்ட்டீங்களா? ஏர்லைன்ஸ்லருந்து ஒரு மெயில் வந்திருக்குண்ணே. எல்லப்பனுக்கு ஆக்சிஜன் வேணும்னு ரிக்வெஸ்ட் பண்ணியிருக்காங்களாம். அது நம்ம எல்லப்பனா, வேற யாராவதா?"

எல்லப்பன் முகம் சுண்டிப்போயிற்று. "வேற யாராவது இருக்கும் சார்."

"வேற யாரும் இல்ல சார்," என்றாள் அம்சவல்லி. "இவருதான். நான்தான் போன் போட்டேன்."

அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"அப்படிங்களா. நாளைக்கு காலைல அண்ணனைக் கூட்டிட்டு நீங்களும் வந்துடுங்கம்மா. நவம்பர் மெடிக்கல்ல ஊதற டெஸ்ட்ல அண்ணனுக்கு மூச்சு தொண்ணூத்தாறு பர்சென்ட்னு இருக்கு. எனக்கே எண்பத்தெட்டுதான். ஒண்ணும் புரியலை."

போன் அணைந்தது. எல்லப்பன் தட்டிலேயே கையைக் கழுவினான்.

"யாரைக் கேட்டு போன் போட்ட?"

"யாரைக் கேக்கணும்?"

"உன் புருஷனுக்கு வேலை கீது, அது உனக்குப் பொறுக்கல."

"என் புருஷனுக்கு உயிரும் கீது. அது உனக்குப் பொறுக்கல."

அந்தத் தொண்ணூற்றாறு யாக்கோபு ஊதியது.

கம்பெனிக்கு வருடம் ஒருமுறை மெடிக்கல் வேன் வரும். ரத்தம், கண், காது, எடை எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரு குழாயைக் கையில் கொடுத்து ஊதச் சொல்வார்கள். மூச்சு குறைந்தவனைத் தூசி இல்லாத இடத்துக்கு மாற்றுவோம் என்பது கம்பெனியின் வாக்கு. தூசி இல்லாத இடம் கேட்டுக்கு வெளியேதான் இருக்கிறது என்பதை, முதலில் மாற்றப்பட்ட மூன்று பேரைப் பார்த்து ஃபெட்லிங் ஆட்கள் தெரிந்துகொண்டார்கள். அதற்கப்புறம்தான் யாக்கோபு. தண்டலத்துக்காரன், டெஸ்பாட்ச் பிரிவில் பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறவன், பேண்டு செட்டில் டிரம்பெட் வாசிப்பவன். வேனில் வருகிற பையன்கள் வருடத்துக்கு ஒரு ஆள். கழுத்தில் தொங்குகிற டோக்கன் எண்ணைத்தான் பார்ப்பார்கள், முகத்தைப் பார்க்க மாட்டார்கள். யாக்கோபு டோக்கனை மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டு ஏழு பேருக்கு ஊதுவான். காசு வாங்க மாட்டான். ஒரு ஊதலுக்கு ஒரு ஞாயிறு. ஊதி வாங்கிக்கொண்டவன் யாக்கோபுக்கு விழுகிற ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டில் ஒன்றைப் பார்த்துக் கொடுக்க வேண்டும்; அவன் கோயிலுக்குப் போய்விடுவான். பதினோரு வருடமாக எல்லப்பன் பதினோரு ஞாயிறு கொடுத்திருக்கிறான்.

அன்று சாயங்காலமே அம்சவல்லி யாக்கோபை வரவழைத்தாள். வந்தவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"நாளைக்கு வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லு யாக்கோபு. இவருக்கு நான்தான் ஊதுனேன்னு சொல்லு. அப்பதான் டாக்டரம்மா எழுதுனது நெசம்னு நம்புவாங்க."

"அண்ணி, நான் ஒருத்தருக்கா ஊதுனேன்? ஒருத்தருதுன்னு சொன்னா, வேற யாருக்கு ஊதுனன்னு கேப்பாங்க. ஏழு வூடு. எட்டாவது என் வூடு. என் பொண்ணு ஜாஸ்மின் இப்பதான் காலேஜ் சேர்ந்திருக்கா."

"அப்ப என் வூடு?"

எல்லப்பன் கட்டிலிலிருந்து கேட்டான். "டேய், கொஞ்சம் குறைச்சு ஊதியிருந்தா இன்னாடா? ஒரு அறுபது, எழுபது. ஐம்பத்தாறு வயசுக்காரனுக்குத் தொண்ணூத்தாறு ஊதி வெச்சிருக்க."

"குறைச்சு ஊத எனக்கு வராதுண்ணே. குழாயைக் கண்டா வாய் தானா வாசிக்குது."

எல்லப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், அம்சவல்லி பஃபை எடுத்து வாயில் வைத்து அழுத்த வேண்டியதாயிற்று. அதைப் பார்த்துக்கொண்டு யாக்கோபு எழுந்து நின்றான்.

"ஜெபம் பண்றேன் அண்ணி."

"பண்ணு. நல்லா மூச்சு பிடிச்சுப் பண்ணு," என்றாள் அவள்.

மறுநாள் காலை கம்பெனி கிளினிக்கில் ரகுபதியும் கம்பெனி டாக்டரும் இருந்தார்கள். டாக்டர் ரஞ்சனியின் ஃபாரத்தை அம்சவல்லி மேசைமேல் வைத்தாள். கம்பெனி டாக்டர் அதை ஒரு விரலால் திருப்பிப் பார்த்தார்.

"வெளியே யார் வேணா என்ன வேணா எழுதித் தருவாங்க. பதினோரு வருஷ ரிப்போர்ட் எங்ககிட்ட இருக்கு. இரண்டு மாசத்துல ஒரு மனுஷனுக்கு நுரையீரல் பாதியாகாது. சரி, சண்டை எதுக்கு? இங்கேயே மெஷின் இருக்கு. ஊதுங்க."

குழாயைக் கொடுத்தார். எல்லப்பன் அதை வாங்கிப் பார்த்தான். எந்தப் பக்கம் வாய் என்று அவனுக்குத் தெரியவில்லை. பிறகு புல்லாங்குழலைப் போல உதட்டருகில் பிடித்தான்.

"உள்ள வெச்சுக் கடிங்க. மூக்குல கிளிப் போடலையே, அதைப் போடுங்க. என்னங்க இது? பதினோரு வருஷமா ஊதறீங்க, குழாய் பிடிக்கத் தெரியாத மாதிரி நடிக்கறீங்க?"

அம்சவல்லியின் தொண்டைவரை வந்துவிட்டது. இவரு ஊதினதே இல்லை ஐயா என்று ஒரு வாக்கியம்தான். எல்லப்பன் அவளைப் பார்க்காமலே செருப்புக் காலால் அவள் காலை மிதித்தான். மிதித்த காலை எடுக்கவில்லை.

"முழுசா இழுங்க... இப்ப ஊதுங்க. ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க! விடாதீங்க! ஏன் நிறுத்திட்டீங்க?"

"அவ்ளோதான் சார் வருது."

"மறுபடி."

மூன்று தரம் ஊதினான். மூன்றாவது தரம் கண்ணில் தண்ணீர் வந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான். மெஷின் கிரீச்சென்று ஒரு சீட்டைத் துப்பியது. டாக்டர் அதைக் கிழித்து ரகுபதியிடம் கொடுத்தார். ரகுபதி அடியில் இருந்ததைப் படித்து அம்சவல்லிக்குத் தமிழில் சொன்னான்.

"முயற்சி போதாதுன்னு வந்திருக்கும்மா. அதாவது, அண்ணன் சரியா ஊதலை."

"சரியாத்தான் சார் ஊதுனாரு. அவருக்கு இருக்கறதே அவ்ளோதான்."

"மெஷின் அப்படிச் சொல்லலையே."

டாக்டர் கை கழுவப் போனார். ரகுபதி நாற்காலியை அவர்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, வீட்டுப் பையன்போலக் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, எனக்குப் புரியுது. மூணு மாசம் வெளியூரு, யாருக்குத்தான் இஷ்டம் இருக்கும்? ஆனா பட்டியல்ல இருந்துட்டு இப்படிப் பண்ணா மேல பதில் சொல்ல முடியலை. ரெண்டே வழி. ஒண்ணு, நல்லா இருக்கேன், ஆக்சிஜன் எல்லாம் வேணாம், வைஃப் தெரியாம போன் பண்ணிட்டாங்கன்னு எழுதிக் கொடுத்துட்டு இருபதாம் தேதி ஏறுங்க. இல்லேன்னா இது."

முதலாவதுக்கு ஒரு வெள்ளைத் தாள். இரண்டாவதுக்கு ஒரு அச்சடித்த தாள். இடமாற்றப் பணிக்கு எனக்கு விருப்பமில்லை. அதனால் வரும் விளைவுகளுக்கு நானே பொறுப்பு. கீழே கையெழுத்து, அதற்குக் கீழே சாட்சி.

எல்லப்பன் முதல் தாளை எடுக்கக் கையை நீட்டினான். அம்சவல்லி அந்தக் கையைப் பிடித்தாள். எல்லோருக்கும் முன்னால் அவள் அவன் கையைப் பிடித்தது கல்யாணத்துக்கு அப்புறம் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"மிதிச்சே, வாயை மூடிக்கினு இருந்தேன்," என்றாள், ரகுபதிக்குக் கேட்காதபடி அவன் காதோடு. "ஏழு வூட்டுக்காக மூடினேன். இதுக்கு மூட மாட்டேன். நீ அதுல கையெழுத்துப் போட்டா, யாரு ஊதுனாங்கன்னு இப்பவே சொல்லிடுவேன்."

அவன் அவளைப் பார்த்தான். இருபத்திரண்டு வருடத்தில் எந்த சூப்பர்வைசரையும் அவன் அப்படிப் பார்த்ததில்லை. பிறகு இரண்டாவது தாளை இழுத்துக்கொண்டான்.

"சார், விருப்பமில்லைன்னு போட்டிருக்குது. அதை அடிச்சிட்டு, முடியலைன்னு எழுதிக்கட்டா?"

"முடியலைன்னா மெடிக்கல் ஆதாரம் வேணும்ணே. ரிப்போர்ட் உங்களால முடியும்னு சொல்லுது."

"விருப்பமெல்லாம் இருக்குது சார்."

"அப்ப ஏறுங்க."

எல்லப்பன் கையெழுத்துப் போட்டான். ஊரில் அவன் கையெழுத்து அழகு என்பார்கள். அதை அவசரப்படாமல், புள்ளி வைத்து முடித்தான். ரகுபதி தாளை அம்சவல்லி பக்கம் நகர்த்தினான்.

"சாட்சிக்கு நீங்களே போட்டுடுங்கம்மா. இன்னொரு ஆளைக் கூப்பிட வேணாம்."

"எதுக்கு சாட்சி?"

"அண்ணன் அவரா இஷ்டப்பட்டுத்தான் எழுதினார்னு."

அவள் பேனாவை வாங்கினாள். வேறு என்ன செய்வது? அவனுக்கு விருப்பமில்லை என்பதற்கு அவளே சாட்சி என்று எழுதி, பெயரையும் வடக்குப்பட்டு என்று ஊரையும் போட்டாள்.

கிளினிக்கிலிருந்து கேட்டுக்கு முந்நூறு அடி இருக்கும். லாரி எடை போடுகிற இடத்தில் ஒருமுறை நின்றான், சைக்கிள் ஸ்டாண்டில் ஒருமுறை, கேட்டுக்கு முன்னால் ஒருமுறை. அவன் நிற்கும்போதெல்லாம் அவளும் நின்றாள். வெளியே வந்ததும் அவன்தான் பேசினான்.

"நீ வாயை மூடிக்கினு இருந்திருந்தா, இந்நேரம் பெட்டி கட்டிக்கினு இருப்பேன். இருபதாம் தேதி போய்ச் சேர்ந்திருப்பேன்."

"ஆமா," என்றாள் அம்சவல்லி. "போய்ச் சேர்ந்திருப்ப."

ஷேர் ஆட்டோ வந்து நின்றது. பின்னால் அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரத் தாராளமாக இடம் இருந்தது. எல்லப்பன் முன்னால் போய், டிரைவருக்குப் பக்கத்தில் பாதி உடம்பு வெளியே தொங்க ஒட்டிக்கொண்டான். எதிர்க்காற்று அவன் முகத்தில் அடித்தது. அவன் இருமுவது பின்னால்வரை கேட்டது. அவள் பையிலிருந்து பஃபை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். அவன் திரும்பிக் கேட்கவில்லை.